கை தூக்காத பிள்ளைக்கு எத்தனை மதிப்பெண்?

மதிப்பிற்குரிய ஐயா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில், தமிழ் வழிப் பிரிவில், எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மாணவர்களின் ஈடுபாட்டை மதிப்பிடச் சொல்லி ஒரு படிவம் வந்திருக்கிறது. வருகை, கை தூக்கிப் பதில் சொல்வது, வீட்டுப்பாடம், குழு வேலை ஆகியவற்றைப் பார்த்து ஆளுக்கு ஐந்துக்கு இத்தனை என்று போட வேண்டும். ஒரு மாணவி ஜூனிலிருந்து வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. இரண்டு போட்டேன். பிறகு அவள் நோட்டைத் திருத்தும்போது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 'ஆழியாற்றுத் தண்ணீரை நமக்கு எப்போது விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?' எல்லாவற்றுக்கும் கை தூக்கும் முன்வரிசைப் பையனுக்கு ஐந்து போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. இதையெல்லாம் அளக்கத்தான் முடியுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஆசிரியை)

அன்புள்ள டீச்சர்,

அளக்கலாம். உங்களுக்கு வந்த படிவத்தால் முடியாது.

அந்தப் பெண்ணின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் அளக்கப்பட்டுக் கேரளத்துக்கு வர வேண்டும். அந்தக் கணக்கு அவசியம். ஆனால் நம் பாலக்காட்டுச் சித்தூரில் எந்த வயல் எவ்வளவு குடித்தது என்று மணக்கடவில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. உங்கள் படிவம் மணக்கடவோடு நின்றுவிடுகிறது.

ஃப்ரெட்ரிக்ஸ், ப்ளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் அடிப்படை. ஈடுபாட்டை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்: நடத்தை, உணர்வு, சிந்தனை. வருவதும் எழுதுவதும் நடத்தை. பள்ளி பிடிக்கிறதா, இது என் இடம் என்று தோன்றுகிறதா என்பது உணர்வு. புரியாததைப் புரிந்துகொள்ள மூளை மெனக்கெடுகிறதா என்பது சிந்தனை. உங்கள் மாணவி மூன்றாவதில் வகுப்பிலேயே முன்னால் நிற்பவளாக இருக்கலாம். கை தூக்கும் பையனோ, அப்படிச் செய்தால் டீச்சருக்குப் பிடிக்கும் என்று கண்டுகொண்டவனாக இருக்கலாம். நேற்றைய பாடத்தைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். (எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நம் பள்ளிகள் அவனைத்தான் வளர்க்கின்றன.)

நடத்தைக் கணக்கை அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். பள்ளியை விட்டுப் போகிறவர்கள் ஒரே நாளில் போவதில்லை, பங்கேற்பு குறைந்து, ஒட்டுதல் அறுந்து, கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் ஜெரமி ஃபின் 1989இல் எழுதினார். அடிக்கடி வராத பிள்ளையை முதலில் காட்டிக்கொடுப்பது பதிவேடுதான்.

உள்ளே நடப்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். 'பள்ளி பிடிக்குமா?' என்று பெயர் எழுதிய தாளில் கேட்டால் எல்லாரும் பிடிக்கும் என்றுதான் எழுதுவார்கள். படிக்கப்போவது டீச்சர் ஆயிற்றே! உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி ஒரு வழி கண்டார். பேஜரைக் கையில் கொடுத்து, எதிர்பாராத நேரங்களில் அது ஒலிக்கும்போது என்ன செய்கிறாய், என்ன நினைக்கிறாய், எப்படி உணர்கிறாய் என்று அப்போதே எழுதச் சொன்னார். உங்களுக்குப் பேஜர் வேண்டாம். பாடத்தின் நடுவே, ஒவ்வொரு முறையும் வேறு நிமிடத்தில், மேசையைத் தட்டுங்கள். பெயர் இல்லாத துண்டுத்தாளில் இந்த நிமிடம் மனதில் என்ன ஓடியது என்று ஒரு வரி எழுதட்டும். 'பசி' என்று பாதிப் பேர் எழுதினாலும் கோபிக்காதீர்கள். சில வாரங்களில் எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் வகுப்பு கழன்றுபோகிறது என்று தெரியும். அது பாடத்துக்கும் நமக்கும் கிடைக்கிற மதிப்பெண்.

பிள்ளைக்கு மதிப்பெண்ணாக மாறியதும் எந்த அளவையும் கெட்டுப்போகும். எஸ்எஸ்எல்சியில் தொடர் மதிப்பீட்டுக்கென்று நூற்றுக்கு இருபது வைத்தார்கள். அந்த இருபதைப் பெரும்பாலும் எப்படிப் போடுகிறோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டைத் திருத்திவிடுங்கள். எத்தனை போடுவது என்று நான் சொல்ல மாட்டேன். அவளுடைய பென்சில் கேள்வியை அப்படியே படிவத்தின் குறிப்புப் பத்தியில் எழுதுங்கள். அவளுக்குப் பதிலும் எழுதிக் கொடுங்கள்: இரண்டு மாநில அதிகாரிகளும் இருக்கும் கூட்டு நீர் ஒழுங்கு வாரியம் கூடித்தான் முடிவு செய்கிறது. அடுத்து என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிவியுங்கள்.