மார்ச் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 44. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவு சொசைட்டியில் கணக்குப் பார்க்கிறேன். மனைவி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாள் நைட் டூட்டி. தம்பி துபாயில். அப்பாவுக்குச் சர்க்கரை. ஒன்றரை ஏக்கர் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விடலாம் என்றால், "நான் கண்ணை மூடின பிறகு விடு" என்கிறார்.

மார்ச் வந்தால் எல்லாம் சேர்ந்து வந்து விழும். பிசான நெல் (மழைக்காலத்தில் நட்டது) அறுப்பு அப்போதுதான். அறுப்பு மிஷின்காரரை விடாமல் போனில் பிடித்தால்தான் நம் வயலுக்கு வண்டி வரும். சொசைட்டியில் 31-ஆம் தேதிக்குள் கடன் பாக்கி வசூலித்துக் கணக்கு முடிக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிக்கிற நோட்டும் என்னிடம்தான். "நீங்க பாத்தாத்தான் அண்ணாச்சி சரியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் போதும், தலையாட்டிவிடுவேன். இந்த வருஷம் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சையும் அதே மாதம்.

நானும் மனைவியும் பேசிக்கொள்வது அடுப்பு மேடையில் அவள் வைத்துவிட்டுப் போகும் சீட்டில்தான். "மாவு ஃப்ரிட்ஜில். மாமாவுக்கு ராத்திரி மாத்திரை." போன வாரம் மகள் கணக்குப்பதிவியல் நோட்டோடு வந்து நின்றாள். போனிலிருந்து தலையெடுக்காமல், "என்ன, சீக்கிரம் சொல்லு" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, நான் கடன் கேட்டு வரல" என்று போய்விட்டாள். அன்றிலிருந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் சமமாகப் பார்க்க என்னதான் வழி?

ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள வாசகருக்கு,

சமமாகப் பார்க்க வழி இல்லை. பார்க்கவும் வேண்டாம். எதற்கு எந்த மாதம் குறைத்துக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே நீங்கள் முடிவு செய்யவேண்டும். இப்போது அதை முடிவு செய்வது உங்கள் போன்தான்.

உங்கள் கடிதத்தில் வயலும் சொசைட்டியும் கோயிலும் உங்களைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. கேட்காதவர்கள் மனைவியும் மகளும்தான். மேல்மடைக்காரர் வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டால் கடைமடை காயும் என்பது கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரரான உங்களுக்குத் தெரியாததா? தண்ணீர் தட்டினால் முறை வைத்து விடுவார்கள் இல்லையா, அதுபோல வீட்டுக்கும் ஒரு முறை வையுங்கள்.

மகள் சொன்ன வார்த்தையை நான் குறும்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்கும் குடும்பத்துக்கும் வரும் மோதலை 1985-இல் கிரீன்ஹவுஸ், பியூட்டெல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். நேரம் போதாமல் வருவது ஒன்று. ஓரிடத்து அலுப்பை இன்னோரிடத்துக்குச் சுமந்து வருவது அடுத்தது. மூன்றாவது, ஓரிடத்தில் பழகிய தோரணை இன்னோரிடத்துக்குப் பொருந்தாமல் போவது. பாக்கிக்காரரிடம் பேசும் குரல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதைத்தான் உங்கள் மகள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். நேரம் கிடைத்தால் மட்டும் இது சரியாகிவிடாது.

அவள் கொண்டுவந்த பாடமோ கணக்குப்பதிவியல். உங்களைவிட நல்ல வாத்தியார் அவளுக்கு எங்கே கிடைப்பார்? இரவில் அரை மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, இருப்புநிலைக் குறிப்பு போட உட்காருங்கள். அட்வைஸ் மட்டும் வேண்டாம்.

வரி நோட்டைத் தை மாதத்திலேயே கைமாற்றிவிடுங்கள். மார்ச் பிறந்த பிறகு கொடுத்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். "இந்த வருசம் பிள்ளைக்குப் பரீட்சை, அடுத்த வருசம் நான் பாக்கேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேசியே மறுபடி உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். நம் ஊரில் பிளஸ் டூ பரீட்சை என்றால் சாமிகூடக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும், தைரியமாகச் சொல்லலாம்.

தம்பி துபாயில் இருக்கிறார் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். வயல் அவருக்கும்தானே? மிஷின்காரரிடம் பேசி நாள் வாங்குவது, வாடகையும் கூலியும் அனுப்புவது இரண்டையும் அங்கிருந்தே செய்யலாம். "முடிந்தால் பார்" என்று சொல்லாமல், இது உன் பொறுப்பு என்று கொடுத்துவிடுங்கள். களத்தில் நிற்க மட்டும் நீங்கள் போனால் போதும்.

பாட்டப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். பயிர் நிற்கும்போது எந்த அப்பாவும் வயலை விட்டுக்கொடுக்க மாட்டார். அடுத்த போகமான கார் சாகுபடி ஜூனில்தான். சித்திரையில் தம்பியையும் போனில் வைத்துக்கொண்டு பேசலாம். சொசைட்டிக் கணக்கில் மட்டும் யாரும் சலுகை தரப்போவதில்லை, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் இலவச எண். 2022-இல் தொடங்கியது, எந்நேரமும் தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

அப்புறம் மனைவி. அவருடைய அடுத்த மாத டூட்டி லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள். பகல் ஷிப்ட் நாட்களைக் காலண்டரில் குறித்துவிட்டு, அந்தச் சாயங்காலங்களில் வேறு யாருக்கும் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.