உங்களுக்கு மிகவும் பிடித்த ராக் ஆல்பம் எது? ஏன் பிடிக்கும்?

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்'. 1975 செப்டம்பரில் வந்தது. ஐந்தே தடங்கள், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பிங்க் ஃபிளாய்ட் என்றதும் 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' பற்றித்தான் பேச்சு போகும். அதைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அது காலம், பணம், சாவு, பித்து என்று எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறது. இந்த ஆல்பத்துக்கு ஒரே ஓர் ஆள்தான் மையம், அவரும் அங்கே இல்லை. என் கணக்கில் இது ஒரு படி மேலே நிற்பதற்கு அதுதான் காரணம்.

அந்த ஆள் சிட் பாரெட். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். மனநிலை குலைந்துபோய் 1968இல் குழுவை விட்டு விலக வேண்டியதாயிற்று. அவர் இருந்த இடத்தில் கிட்டார் வாசிக்க வந்தவர்தான் டேவிட் கில்மர்.

சிட்டுக்காக எழுதிய 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' ஒன்பது பகுதிகள் கொண்டது. ஐந்து பகுதிகளை ஆல்பத்தின் தலையிலும் மீதி நான்கை வாலிலும் வைத்தார்கள். முதலில் கேட்கும் மெல்லிய ரீங்காரத்தில் கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை விரலால் தேய்த்து எடுத்த ஒலியும் கலந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் போடப் பார்த்து, பாதியில் கைவிட்ட முயற்சியில் மிஞ்சியது அது. அதன்மேல் குழுவின் கீபோர்டுக்காரர் ரிச்சர்ட் ரைட்டின் சிந்தசைசர், கில்மரின் அவசரமில்லாத கிட்டார். அப்புறம் எல்லாம் அடங்கி, நான்கே நான்கு ஸ்வரம். நான்காவது ஸ்வரம் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் போய் உட்காராது. காது அடுத்ததற்காகக் காத்திருக்கும், ஆனால் திரும்பவும் அதே நான்குதான் வரும். இந்தச் சின்னத் துணுக்கைக் கேட்டபோதுதான் குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார் வாசிப்பவருமான ரோஜர் வாட்டர்ஸுக்கு சிட்டைப் பற்றி எழுதத் தோன்றியதாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

முதல் குரலைக் கேட்க எட்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பலருக்கு இது பொறுக்காது, முன்னால் தள்ளிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் காத்திருப்பு இருப்பதால்தான் வாட்டர்ஸ் பாட வாயெடுத்ததும் நமக்குள் ஏதோ உடைகிறது.

நடுவில் வரும் இரண்டு பாட்டுகளும் இசை வியாபாரத்தின்மீது உள்ள எரிச்சல். 'வெல்கம் டு தி மெஷின்' கொஞ்சம் நீளம் என்பது என் எண்ணம், இயந்திரத் துடிப்பு போல அந்த சிந்தசைசர் அடித்துக்கொண்டே இருக்கும். 'ஹாவ் எ சிகார்' நல்ல கிண்டல். பாடியவர் குழுவில் இல்லாத ராய் ஹார்ப்பர். வாட்டர்ஸின் தொண்டை ஒத்துழைக்கவில்லை, கில்மருக்கும் அதைப் பாட விருப்பமில்லை. லண்டனின் ஏபி ரோட் ஸ்டுடியோவில் அதே சமயம் தன் பதிவுக்காக இருந்த ஹார்ப்பர் வந்து பாடிக் கொடுத்தார். 'உங்களில் பிங்க் யார்?' என்று கேட்கிற, அப்படி ஒருவர் குழுவில் இல்லை என்றுகூடத் தெரியாத ஓர் இசை நிறுவன ஆசாமியின் குரலுக்கு, வெளியாள் ஒருவர் பாடியதே பொருத்தம்.

அந்தப் பாட்டின் முடிவில் ஒலி திடீரென்று வற்றி, பழைய வானொலியிலிருந்து வருவது போலாகிவிடும். யாரோ நிலையம் மாற்றுகிறார்கள். பேச்சு கொஞ்சம், சாய்க்கோவ்ஸ்கியின் சிம்பொனி ஒரு கீற்று, பிறகு மெலிந்து ஒலிக்கும் ஒரு கிட்டார். தலைப்புப் பாடல் இப்படித்தான் தொடங்குகிறது. ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த மெலிந்த கிட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இருமுகிறார், மூக்கை உறிஞ்சுகிறார். உடனே நம் பக்கத்திலேயே இன்னொரு கிட்டார், நிறைவான ஒலியோடு, அதற்குப் பதில் சொல்லத் தொடங்குகிறது. வானொலியில் வருகிற பாட்டோடு சேர்ந்து அறையில் தனியாக ஒருவர் வாசிக்கிறார். வாசிப்பது இருவர், அறையில் இருப்பது ஒருவர். பாட்டு சொல்ல வந்த பிரிவை, வரிகள் வருவதற்கு முன்பே இந்த ஒலி அமைப்பு சொல்லிவிடுகிறது. வயலின் மேதை ஸ்டெஃபான் கிராப்பெலி இதற்கு வாசித்ததைக்கூட, பதிவான ஒலிகளை ஒன்றுசேர்த்த கடைசிக் கலவையில் கேட்காத அளவுக்கு அமுக்கிவிட்டார்கள். வயலின் தெளிவாகக் கேட்கும் வடிவம் 2011இல் வெளியானது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அறையில் ஆள் கூடிவிட்டது போல இருக்கும். எனக்கு அமுக்கியதே சரி.

1975 ஜூனில் நடந்ததைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. 'ஷைன் ஆன்' பாட்டின் ஒலிக்கலவை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். கொஞ்ச நேரம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. வந்தவர் சிட் பாரெட். தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதுவிட்டார். அந்தப் பாட்டை அதற்கு முந்தைய ஆண்டே மேடைகளில் வாசித்திருந்தார்கள். அதாவது, அவரை இழந்துவிட்டோம் என்று ஏற்கனவே பாடி முடித்திருந்தவர்கள் முன்னால் அவர் வந்து நின்றார்.

'ஷைன் ஆன்' பாட்டின் கடைசிப் பகுதிகளில் எட்டாவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அந்த ஃபங்க் தாளம் வேறு ஏதோ ஆல்பத்திலிருந்து வழிதவறி வந்தது போலிருக்கிறது. ஒன்பதாவது முழுக்க ரைட்டுடையது. அது தேய்ந்து மறையும்போது ஒலியளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். சிட் எழுதி 1967இல் வெற்றிபெற்ற 'சீ எமிலி ப்ளே' பாட்டின் மெட்டில் ஒரு துளியை ரைட் கீபோர்டில் தொட்டுவிட்டுப் போவார். அசந்தால் தவறிவிடும்.