அறைத்தோழர் பக்திமான், நான் நாத்திகன். சண்டையில்லாமல் இருப்பது எப்படி?

யார் சொல்வது சரி என்ற வாதத்தை முதலில் தள்ளிவையுங்கள். பெரும்பாலும் தகராறு கடவுளைப் பற்றியே இருக்காது. அவர் பிரார்த்தனைக்காக வைக்கும் ஐந்து மணி அலாரத்தைப் பற்றித்தான் இருக்கும். அதை அலாரமாக மட்டுமே பேசுங்கள்: "சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்களேன்." நம்பிக்கையை நடுவில் இழுத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954இல் சொன்னது இங்கே பொருந்தும். வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதாது. சம அந்தஸ்தோடு, பொதுவான நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைக்கும்போதுதான் வெறுப்பு குறையும். (மேலிடத்து ஆதரவும் வேண்டும் என்றார். உங்கள் அறையில் மேலிடம் வீட்டு உரிமையாளர்தானோ என்னவோ!) ஆகவே ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஒட்டடை அடியுங்கள்.

அப்புறம், அவர் உங்களை மாற்றப் பார்த்தால், "இந்தப் பேச்சு வேண்டாமே" என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தப்பே இல்லை.