குளித்தால் தலைவலி, கோயிலுக்குப் போனால் சரியாகிறது

கேள்வி: டாக்டர், தில்லி மயூர் விஹாரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 36. மாமியாருக்கு 67, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மகளுக்கு 7. குளிர் தொடங்கியதிலிருந்து எனக்குக் காலையில் தலைவலி. நெற்றி முழுக்கப் பாரம், கொஞ்சம் குமட்டல். பத்து மணிக்கு மேல் தானாகக் குறைந்துவிடும். மாமியாருக்கும் அதேதான். மார்கழி என்பதால் நாலரை மணிக்கே குளித்துவிட்டுக் குருவாயூரப்பன் கோயிலுக்குப் போகிறார். கிளம்பும்போது தலை சுற்றுகிறது என்பார், திரும்பி வரும்போது தெளிவாக இருப்பார். "எல்லாம் அப்பன் செயல்" என்கிறார்.

நான் ஈரத் தலையோடு வேலை பார்ப்பதுதான் காரணம் என்பது அவர் கட்சி. குளித்த தலைக்கு அவர் போடும் சாம்பிராணிப் புகைதான் காரணம் என்பது என் கட்சி. போன ஞாயிறு எண்ணெய் தேய்த்துக் குளித்த மகள் வெளியே வந்ததும் வாந்தி எடுத்தாள். பாட்டி கொடுத்த வடைதான் என்று நான் சொல்லப்போய், அன்று முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. கணவருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. வீட்டிலிருந்தே வேலை, குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளிப்பார், அதுவும் பதினோரு மணிக்கு மேல், இரண்டு நிமிடம். எங்கள் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி, "98 காட்டுகிறது, உங்களுக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மனசில்தான்" என்கிறார். ஏர் பியூரிஃபையர் வாங்கியும் பலனில்லை. இது மைக்ரேனா, சைனஸா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? பொங்கலுக்கு நாத்தனார் வேறு வருகிறாள், ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்குள் வீடு அமைதியானால் போதும்.

பி.கு.: குளியலறை வென்டிலேட்டரை மாமியார் பேப்பர் வைத்து அடைத்துவிட்டார். கேஸ் கீசரை எவ்வளவு திருகினாலும் குளிர் தாங்கவில்லை என்கிறார்.

மருத்துவர் பதில்:

முக்கியமான விஷயத்தைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். மேலே படிப்பதற்கு முன் எழுந்துபோய், கேஸ் கீசருக்குப் போகும் சிலிண்டரை மூடுங்கள். வென்டிலேட்டரில் இருக்கும் பேப்பரை உருவி எடுங்கள். பிறகு வந்து மீதியைப் படிக்கலாம்.

நேரில் பார்க்காமல் நோயின் பெயர் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் நீங்கள் எழுதியதை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறு எதையும் முதலில் சந்தேகிக்கத் தோன்றவில்லை. குளிப்பவர்களுக்குத்தான் தலைவலி. குளியலறையில் அதிக நேரம் இருந்த குழந்தைக்கு வாந்தி. குளிக்காதவருக்கு ஒன்றுமில்லை. வீட்டைவிட்டு வெளியே போனால் சரியாகிறது. குளிர்காலத்தில் மட்டும் வருகிறது. மைக்ரேன் ஒரே வீட்டில் இருவருக்கு இருக்கலாம், ஆனால் ஒரே மாதத்தில் தொடங்கி, ஒரே மணிக்கு வந்து, ஒரே மணிக்குப் போகாது. உங்கள் குளியலறையில் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது என்றே நினைக்கிறேன்.

கேஸ் நன்றாக எரியக் காற்று வேண்டும். போதிய காற்று இருந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். காற்று குறைந்தால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். தில்லிக் குளியலறைகளின் அளவு உங்களுக்கே தெரியும். கையை நீட்டினால் இரண்டு சுவரும் இடிக்கும். கதவைச் சாத்தி, வென்டிலேட்டரையும் அடைத்து, மாடித் தொட்டியிலிருந்து வரும் பனித் தண்ணீரைச் சூடாக்க கீசரை முழுதாகத் திருகினால், உள்ளே இருக்கும் கொஞ்சம் ஆக்ஸிஜனுக்கு நீங்களும் அந்த ஜுவாலையும் போட்டி போடுகிறீர்கள்.

சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், ஏனென்றால் அதில் வேண்டுமென்றே நாற்றம் சேர்த்து விற்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, கண்ணும் எரியாது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இதை 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய சீட்டில் இது உட்கார்ந்துவிடும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். உங்கள் தலைவலி உடனே விடாமல் பத்து மணி வரை இழுப்பது அதனால்தான். மாமியார் இருட்டோடு வெளியே நடந்து கோயிலில் நின்று வருவதால் அவருக்குச் சீக்கிரம் தெளிகிறது. அப்பன் செயலை நான் மறுக்கவில்லை, கூடவே வெளிக்காற்றும் வேலை செய்கிறது.

உங்கள் கணவரின் ஆக்ஸிமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் வீட்டுக்கொன்று வாங்கி வைத்தோம், நல்ல கருவிதான். ஆனால் விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் சீட்டு நிறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கும். உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்காது. ஆக்ஸிஜன் பிடித்த ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு பிடித்ததையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மயங்கிக் கிடப்பவருக்கே 98 காட்டலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களையும் பார்த்து மனசு சரியில்லை என்று சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

பியூரிஃபையரும் அப்படித்தான். அதன் ஹெப்பா வடிகட்டி தூசியையும் புகைத் துகளையும் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. அறையில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் விஷவாயுவை இழுத்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். ஹீட்டர் போட்ட அறையில் அது வறட்சியைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம். செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. கார்பாக்ஸி ஹீமோகுளோபின் என்று கேளுங்கள். எல்லா லேபிலும் செய்ய மாட்டார்கள், பெரிய மருத்துவமனைகளில் இருக்கும். தலைவலி இருக்கும் நேரத்திலேயே ரத்தம் எடுக்க வேண்டும். மத்தியானம் ஆற அமரப் போனால் எல்லாம் இறங்கி, ரிப்போர்ட் நார்மல் என்று வரும். அதற்காக இன்னொரு முறை கீசரைப் போட்டுத் தலைவலி வரவழைத்துப் பார்க்காதீர்கள். கீசரை ஒரு வாரம் நிறுத்தி, தினமும் யாருக்கு எப்போது வலித்தது என்று காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். வலி போய்விட்டால் அதுவே பெரிய விடை. ஒரு வாரம் கழித்தும் வலி நீடித்தால் நேரில் ஒரு டாக்டரைப் பார்த்து, சைனஸ், மைக்ரேன், கண் எல்லாவற்றையும் அப்போது யோசிக்கலாம்.

மகளை மட்டும் அதுவரை காத்திருக்க வைக்காமல் நாளையே குழந்தை மருத்துவரிடம் காட்டி, கேஸ் கீசர் விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவார்கள், அதனால் அவர்களை இது சீக்கிரம் தாக்கும். எண்ணெய்க் குளியல் என்றால் சீயக்காய் தேய்த்து அலசி முடிக்க அரை மணி ஆகும், அத்தனை நேரமும் கீசர் எரிந்திருக்கும். வடைமேல் பழி போட்டது தவறாக இருக்கலாம், அதை மாமியாரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

சாம்பிராணி விஷயத்தில் நீங்கள் சொன்னது பாதி சரி. புகையைவிட எனக்குக் கவலை, அடியில் கனலும் கரிதான். கரி நெருப்பும் கார்பன் மோனாக்சைடு விடும். மூடிய படுக்கையறையில் தணலை வைத்துத் தலை உலர்த்துவது வேண்டாம். பால்கனிக் கதவைத் திறந்து ஹாலில் போட்டுவிட்டு, தணலை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டால் மாமியாரின் வழக்கத்தை நிறுத்த வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்கள் அங்கீட்டி என்று சொல்வது நம் குமுட்டி அடுப்புதான். ராத்திரி அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி இங்கே குளிருக்குக் குளிர் பத்திரிகையில் வருகிறது. உங்கள் காவலாளியோ வேலைக்கு வரும் அம்மாவோ அப்படிச் செய்தால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, எனவே இந்த ஆபத்து கிடையாது. தோல் வறளும், மூக்குக் காயும். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தில்லிக் குளிரில் அது கல்லாக உறைந்திருக்கும், பாட்டிலை வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

வென்டிலேட்டரைத் திறந்தால் தில்லிப் புகை உள்ளே வருமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்றுத் தரக் குறியீடு 400 தாண்டும் நாட்களில் நானும் காலை நடையை விட்டுவிடுகிறேன். ஆனால் வெளிப்புகை பெரும்பாலும் வருஷக் கணக்கில் உடம்பைக் கெடுப்பது. அடைத்த குளியலறையில் எரியும் கீசர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். குளியலறை வென்டிலேட்டர் எப்போதும் திறந்தே இருக்கட்டும். மற்ற ஜன்னல்களை வெயில் ஏறியபின் மத்தியானத்தில் சிறிது நேரம் திறங்கள்.

கீசருக்கு என்ன செய்வது? எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே காற்று நுழைய வழியில்லாவிட்டால் ஃபேன் வெறுமனே சுற்றும். குளிருக்குப் பயந்து அதையும் அணைத்துவிடுவார்கள். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே, பால்கனி போன்ற திறந்த இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரலாம். அது முடியாவிட்டால் மின்சார கீசர்தான். இத்தனை வருஷமாக இதுதானே இருக்கிறது என்று வீட்டு உரிமையாளர் சொல்லக்கூடும். அத்தனை வருஷமும் யாரும் வென்டிலேட்டரை அடைக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். புதிய ஏற்பாடு ஆகும்வரை சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பில் வெந்நீர் போட்டு பக்கெட்டில் கலந்து குளியுங்கள். இம்மர்ஷன் ராடு என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். மாமியார் கூச்சப்படுவார். கதவுக்கு வெளியே ஒரு துண்டைத் தொங்கவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம் என வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் மயங்கி விழுந்தவருக்கு வலிப்பு நோய் என்று எண்ணி மாத்திரை ஆரம்பித்து, பிறகு கேஸ் கீசர்தான் காரணம் என்று தெரியவந்த நோயாளிகள் இந்தியாவில் உண்டு. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கதவைத் திறந்து, கீசரை அணைத்து, அவரைத் திறந்த காற்றுக்கு இழுத்து வந்து 112-ஐ அழையுங்கள். வாயில் காபி, தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். மருத்துவமனையில் முகமூடி வைத்துச் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால், நான்கைந்து மணி நேரம் எடுக்கும் பாதி வெளியேற்றம் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடும். எழுந்து பேசுகிறார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது, சிலருக்கு மறதியும் தடுமாற்றமும் சில நாட்களோ சில வாரங்களோ கழித்துத் தலைகாட்டும்.

மாமியாரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் பிரஷர் ஏறும். கோடையில் சரியாக இருந்த மாத்திரை அளவு ஜனவரியில் போதாமல் போகலாம். ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து எழுதுங்கள். சராசரி 135/85-க்கு மேல் நின்றால் அவருடைய டாக்டரிடம் காட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்ததா என்றும் கேளுங்கள், கேட்காமல் அவர் சொல்ல மாட்டார். வந்திருந்தால் தாமதிக்காமல் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஏனென்றால் வயதானவர்களின் இதயத்தை இந்த வாயு அதிகமாகச் சிரமப்படுத்தும். திடீரென்று மின்னலைப் போல வெட்டும் தலைவலி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்வு என்றால் கீசர் கதையை மறந்துவிட்டு நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நாத்தனார் வருவதற்குள் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும், இதில் நான் கறாராக இருக்கிறேன். வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தில் இந்த வாயு தாயின் ரத்தத்தைவிட அதிகமாகச் சேரும், வெளியேறவும் அதிக நேரம் எடுக்கும். தாய்க்கு லேசான தலைவலியோடு போகிற அளவு குழந்தைக்குப் பெரிதாக இருக்கலாம். பழைய கீசரை அவள் ஒருநாள்கூடத் தொடக் கூடாது.

மின்சார கீசர் பொருத்த ஆள் வரும் நாளில் உங்கள் கணவரை லீவு போட்டுக் கூட நிற்கச் சொல்லுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அவரே கேட்கட்டும். அந்த வேலை முடிந்த பிறகு, அவர் தினமும் குளிக்காமல் இருப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.