மன்னார்குடி வீடு: 78 லட்சத்துக்குக் காத்திருப்பதா, 61 லட்சத்துக்குக் கொடுப்பதா?

கேள்வி: எனக்கு 66 வயது. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், பென்ஷன் வருகிறது. மன்னார்குடியில் 2,400 சதுர அடி மனையில் 1,450 சதுர அடி வீடு இருக்கிறது. மனையை 1998-ல் வாங்கினேன். 2004-ல் வங்கிக் கடன் போட்டு ஏழரை லட்சத்தில் வீடு கட்டினேன். மகள் சென்னையில் இருப்பதால், கூடுவாஞ்சேரியில் கட்டி முடித்த ஃபிளாட் ஒன்றை 58 லட்சத்துக்கு வாங்கி 2025 ஏப்ரல் 24-ல் என் பெயரில் பதிவு செய்தோம். ஓய்வுக்காலப் பணம் 30 லட்சம் போட்டேன். மீதி 28 லட்சம் நானும் மகளும் சேர்ந்து வாங்கிய கடன், வட்டி 8.5 சதவீதம். ஊர் வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்தோம். 2024 ஆகஸ்ட் முதல் 78 லட்சம் சொல்கிறோம், விற்கவில்லை. ஐந்து புரோக்கர்களிடம் சொல்லியிருக்கிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம் ஆனி மாதம் வந்து 61 லட்சம் கேட்டது. நாங்கள் பதிலே சொல்லவில்லை. இன்னொருவர் லோனுக்குப் போய், பட்டா கூட்டுப் பட்டாவாக (பலர் பெயரில் சேர்ந்து) இருக்கிறது என்று வங்கி வக்கீல் சொன்னதும் பின்வாங்கிவிட்டார். எங்கள் தெருவில் மனை சதுர அடி 1,800 ரூபாய்க்குப் போகிறது. அடிமாட்டு விலைக்குக் கொடுக்கவே கூடாது என்கிறார் என் மனைவி. இரண்டு வருஷம் பொறுத்தால் புது ரோடு வரும், விலை ஏறும் என்கிறார் ஒரு புரோக்கர். பொறுக்கலாமா?

பதில்: ஐயா, விலையை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: 2026 ஏப்ரல் 23.

பழைய வீட்டை விற்ற லாபத்தில் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு என்பது பலருக்கும் தெரியும். விற்ற பிறகு வாங்க இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆனால் உங்களைப் போல முதலில் வாங்கிவிட்டு, பிறகு விற்பவர்களுக்கு ஒரே வருஷம்தான். ஃபிளாட்டைப் பதிந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஊர் வீட்டின் கிரையப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் போட்டதோடு நின்றால் போதாது. அந்தத் தேதி தாண்டினால், கூடுவாஞ்சேரி ஃபிளாட்டைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது.

அதன் மதிப்பு எவ்வளவு என்று பார்ப்போம். 61 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 2001-க்கு முன் வாங்கிய மனை என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்று அரசு நிர்ணயித்திருந்த வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சதுர அடி 100 ரூபாய் என்று வைத்தால் 2.4 லட்சம். கட்டடத்துக்கு 7.5 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, பணவீக்கக் குறியீட்டைப் போட்டு (அதாவது அடக்க விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்தி) 20 சதவீதம், போடாமல் 12.5 சதவீதம் என்று இரண்டு வழியிலும் கணக்குப் பார்த்து, குறைந்த வரியைக் கட்டலாம். 2025-26-க்கான குறியீடு 376, வீடு கட்டிய 2004-05-க்கு 113. அந்தக் கணக்கில் அடக்க விலை 34 லட்சத்தை ஒட்டி வருகிறது. லாபம் 27 லட்சம். வரி செஸ்ஸோடு சுமார் 5.6 லட்சம். 12.5 சதவீத வழியில் போனால் ஆறரை லட்சத்தைத் தாண்டும். ஆக 5.6 லட்சம். ஏப்ரல் 23-க்குள் பதிந்தால் இந்த வரி பூஜ்யம், ஏனென்றால் உங்கள் பெயரில் வாங்கிய ஃபிளாட்டின் விலை லாபத்தைவிட அதிகம். கட்டடச் செலவுக்குப் பழைய வங்கிக் கடன் காகிதங்களும் இன்ஜினியர் எஸ்டிமேட்டும் ஆதாரமாகும். பரணில் தேடி எடுத்து வையுங்கள்.

தேதி தாண்டினாலும் ஒரு வழி இருக்கிறது என்று ஆடிட்டர் சொல்வார். ஆறு மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரங்களில் (பாண்டு) 50 லட்சம் வரை போட்டால் விலக்குக் கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் ஐந்து வருஷம் முடங்கும், வட்டி 5.25 சதவீதம். ஒரு பக்கம் எட்டரை சதவீதத்துக்குக் கடன் ஓட, இன்னொரு பக்கம் ஐந்தேகாலுக்குப் பணத்தைப் பூட்டி வைப்பது உங்களுக்கு ஒத்துவராது.

இப்போது விலை. நீங்கள் 78 லட்சத்தை எப்படி நிர்ணயித்தீர்கள் என்று எழுதவில்லை. எனக்குத் தெரிகிற வழி இது: மனை 2,400 சதுர அடி, 1,800 ரூபாய் வீதம் 43 லட்சம். 1,450 சதுர அடி வீட்டை இன்று சதுர அடிக்கு 2,300 வீதம் கட்டினால் 33 லட்சத்துக்கு மேல். இரண்டையும் கூட்டினால் 76, 77 வருகிறது. பேரத்துக்கு இடம் விட்டு 78. அதாவது 21 வருஷப் பழைய வீட்டுக்குப் புது வீட்டின் விலை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சின்ன ஊர்களில் இது நடக்காததற்குக் காரணம், வாங்க வருபவருக்கு வேறு வழி இருப்பதுதான். சென்னையில் நடுத்தரக் குடும்பத்துக்கு மனை எட்டாது, அதனால் பழைய ஃபிளாட்டானாலும் வாங்குவார்கள். மன்னார்குடியில் 78 லட்சம் வைத்திருப்பவர் ஒரு தெரு தள்ளி மனை வாங்கி, வாஸ்து பார்த்து, பூஜையறையைத் தன் இஷ்டப்படி வைத்துப் புதிதாகக் கட்டிக்கொள்வார். அவர் உங்களிடம் வர வேண்டுமானால், கட்டடம் நிச்சயமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்க வேண்டும். கட்டடத்தின் ஆயுள் 60 வருஷம் என்று வைத்து 21 வருஷத் தேய்மானத்தைக் கழித்தால் சுமார் 21, 22 லட்சம் நிற்கிறது. மனையோடு சேர்த்து 65. என் கணக்கில் உங்கள் வீட்டின் விலை அதுதான். 61 கேட்டவர் அடிமாட்டு விலை கேட்கவில்லை. உங்கள் மனைவியிடம் இந்தக் கூட்டல் கழித்தலைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

வங்கி லோன் போட்டு வாங்குபவர் பக்கமிருந்தும் ஒருமுறை பாருங்கள். வங்கி கடன் கொடுப்பது நீங்கள் சொல்லும் விலைக்கு அல்ல, தன் மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்கு. அவர் 62 என்று எழுதினால், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம்தான் வரம்பு என்பதால், 49.6 லட்சம் கிடைக்கும். விலை 78 என்றால் மீதி 28 லட்சத்துக்கு மேல் அவர் கைப்பணம். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதாவது இன்னொரு 7 லட்சம். மொத்தம் 35 லட்சம் ரொக்கமாக வைத்திருப்பவர் உங்கள் ஊரில் எத்தனை பேர், அவர்களில் இந்த வருஷம் வீடு தேடுபவர் எத்தனை பேர்? விலை 64 என்றால் அதே ஆளுக்கு 20 லட்சம் போதும். சந்தை மந்தம் என்று சொல்கிறோமே, பாதி நேரம் இந்த 35-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளிதான் அது.

இரண்டு வருஷம் பொறுப்பது பற்றி. இன்று 61 வந்தால் 28 லட்சக் கடனை அடைத்துவிடலாம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது. இதில் மட்டும் வருஷத்துக்கு 2.38 லட்சம் வட்டி மிச்சம். கையில் மிஞ்சும் 33 லட்சத்தில் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீதத்தில் வருஷம் 2.46 லட்சம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். இரண்டு வருஷத்துக்கு இவை இரண்டும் சேர்ந்து 9.7 லட்சம், வருமான வரிக்கு முன்பு. பூட்டிய வீட்டின் சொத்து வரி, மின்கட்டணம், கூட்டிப் பெருக்க ஆள், மழைக்காலத்தில் ஏதாவது ஒழுகினால் அதற்கொரு கொத்தனார் என்று அரை லட்சம். இரண்டு வருஷம் கழித்து நீங்கள் கேட்ட 78 லட்சமே கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலக்கு போய்விட்டதால் மூலதன ஆதாய வரி எட்டரை லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் கழித்தால் 59 லட்சம் போல நிற்கும். இன்றைய 61-ஐவிடக் குறைவு! 70-க்கு விற்றால் 52, 53-தான். புரோக்கர் சொல்லும் ரோடு வரட்டும், வந்தால் நல்லதுதான். ஆனால் அது வருகிறவரை வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

இடையில் வாடகைக்கு விடலாமே என்பீர்கள். மாதம் எட்டாயிரம் கிடைத்தாலும் இரண்டு வருஷத்தில் இரண்டு லட்சத்தைத் தொடாது. குடியிருப்பவரை வைத்துக்கொண்டு வீடு காட்டுவதும், விற்கும் நேரத்தில் காலி செய்யச் சொல்வதும் வேறு தலைவலி. ஏப்ரல் வரை வாடகைக்கு விடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? மார்கழியில் யாரும் வீடு பார்க்க வரப்போவதில்லை. அந்த மாதத்தைப் பட்டாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லோன்காரர் ஓடியது உங்கள் விலைக்குப் பயந்து அல்ல, கூட்டுப் பட்டாவுக்குப் பயந்து. உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சர்வேயர் அளக்க வரும் நாளில் நீங்களே ஊரில் இருங்கள். பக்கத்து மனைக்காரரும் இருந்தால் எல்லைத் தகராறு அங்கேயே தீரும். கூடவே 1998 கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரத்தின் நகல், 30 வருஷ வில்லங்கச் சான்று, நகராட்சி அனுமதித்த வரைபடம், உங்கள் பெயரில் சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஊரில் வீட்டுக் கடன் தரும் ஒரு வங்கியின் பேனல் வக்கீலிடம் காசு கொடுத்து இப்போதே கருத்துரை வாங்கிவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். வீடு பார்க்க வருபவரிடம் அந்தக் காகிதத்தை நீட்டினால், பெயின்ட் அடித்து வைப்பதைவிட அதிகம் பேசும். கேட்டில் துரு ஏறியிருந்தால் அதை மட்டும் சுரண்டி அடியுங்கள், போதும்.

தை பிறந்ததும் 66 சொல்லுங்கள், 63-க்குக் கீழே போகாமல் முடிக்கப் பாருங்கள். ஐந்து புரோக்கர்களும் ஐந்து விலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதுவே வீட்டின் பெயரைக் கெடுக்கும். ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், மாசி கடைசி வரை என்று கெடு வையுங்கள். லோன் போடுபவர் என்றால் அனுமதி, சட்டக் கருத்துரை, மதிப்பீடு என்று ஒன்றரை மாதம் போய்விடும், ஆகவே பிப்ரவரி நடுவில் அட்வான்ஸ் கைக்கு வந்தாக வேண்டும். மார்ச் 31-க்குள் பத்திரம் முடிந்தால் இன்னும் நல்லது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

ஆனியில் வந்த சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு முதல் போன் நீங்களே போடுங்கள். ஆறு மாதம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது கூப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று தோன்றும். அவர்கள் இன்னும் வாங்காமல் இருந்தால், நீங்கள் கூப்பிட்டதில் அவர்களுக்கு வருத்தம் இருக்காது. "பட்டாவைத் தனியாக்கிவிட்டேன், 64-க்குத் தருகிறேன், பங்குனிக்குள் பதியணும்" என்று சொல்லிப் பாருங்கள். 62-ல் நின்றாலும் கொடுத்துவிடுவேன் நான். 63 என்பது புதிதாக வருபவருக்கு.

கடைசியாக ஒன்று. "பத்திரத்தில் 40 போட்டுக்கலாம், மீதி கையில்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட முடியும். உங்களுக்குத்தான் வரியே இல்லையே, எதற்கு மறைக்க வேண்டும்? அந்த ஏற்பாட்டில் லாபம் வாங்குபவருக்கு மட்டும், ஆபத்து உங்களுக்கும் சேர்த்து. முழு விலையும் வங்கி வழியாகவே வரட்டும். 50 லட்சத்தைத் தொட்டுவிடுவதால், வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் (விலையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். 64 என்றால் 64,000 ரூபாய். அது, உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ரிட்டர்னில் விற்பனையையும் ஃபிளாட் விலக்கையும் காட்டியே ஆக வேண்டும், வரி பூஜ்யம் என்றாலும்.