நாற்றங்கால் வீட்டுப் பிள்ளை குதிரை வைத்தியம் படிக்கலாமா? தங்கச்சிமடத்துத் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், தோட்டக்கலை படித்து உங்கள் மல்லிகை நாற்றங்காலைப் பெருக்குவதா, கால்நடை மருத்துவம் படித்துக் குதிரைப் பண்ணை வைப்பதா என்று இருமனமாக இருப்பதாகவும், நீங்களோ அவரைச் செவிலியர் படிப்பில் சேர்த்துவிட நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செவிலியர் படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் மாதச் சம்பளம் என்ற ஒன்றைத் தவிர வேறு காரணம் எதையும் நீங்கள் சொல்லவில்லை என்பதால், அவர் விரும்பும் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் தொழிலை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. உங்கள் ராமேஸ்வரம் தீவின் மணற்பாங்கான மண்ணில் மல்லிகைக் குச்சி எளிதில் வேர் பிடிக்கிறது. பிடுங்கும்போது வேர் அறாமல் வருகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கே நாற்று உங்கள் பக்கத்திலிருந்துதான் போகிறது. 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 6,400 செடிகள் வேண்டும் என்பதால், புதிதாக மல்லிகை போடும் ஒவ்வொரு விவசாயியும் உங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். பூவின் விலை முகூர்த்த நாளில் ஏறி மறுநாளே இறங்கிவிடும், பறித்த பூ வாடுவதற்குள் விற்றாகவும் வேண்டும். நாற்றுக்கு அந்த அவசரம் இல்லை. வேரழுகலையும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவையும் நாற்றோடு சேர்த்து வெளியூருக்கு அனுப்பிவிடாமல் தடுப்பது எப்படி, கிணற்று நீரில் உப்பு ஏறும் கோடையில் பாத்திகளைக் காப்பது எப்படி என்பவற்றில்தான் படித்த ஒருவரின் உதவி உங்களுக்குத் தேவைப்படும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டப்படிப்பு அதற்குப் பொருத்தமானது. மதிப்பெண் குறைந்தால் இரண்டாண்டுப் பட்டயப்படிப்பும் உண்டு.

குதிரை வேறு விஷயம். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுத் துறைகளில் ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை மடிந்துபோயின என்றும், அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லாததே காரணம் என்றும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குறை இன்றும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. மணல் தரையில் தீவனத்தைக் கொட்டினால் குதிரை புல்லோடு மணலையும் விழுங்கும். அது குடலில் தங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும், உயிரையும் பறிக்கும். சாணத்தில் ஒரு பிடி எடுத்து வாளித் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டால் அடியில் மணல் படிகிறதா என்று தெரிந்துவிடும். தீவனத்தைத் தரையில் போடாமல் தொட்டியில் வைப்பதே முதல் தடுப்பு. கடற்கரையில் குதிரை வளர்ப்பவர் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 முதல் குதிரை, கழுதை, ஒட்டகத் தொழில்முனைவோருக்கும் 50 விழுக்காடு, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் வரை மூலதன மானியம் உண்டு. உங்கள் மகள் இதைத்தான் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைக்கிறேன். மீதிப் பாதியைப் போடுவது நீங்கள் என்பதையும், குதிரை விற்றாலும் விற்காவிட்டாலும் அன்றாடம் தின்னும் என்பதையும், வாங்குவோர் உங்கள் மாவட்டத்தில் மிகச் சிலரே என்பதையும் மறக்க வேண்டாம். படிப்பு முடியும் முன் பண்ணை என்ற பேச்சே வேண்டாம்.

ஆனாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், இடம் கிடைக்கும் பட்சத்தில் கால்நடை மருத்துவத்தையே சொல்வேன். நாற்றுத் தொழிலை அவர் உங்களிடமே கற்கலாம், குறைந்ததை வேளாண் அறிவியல் நிலையத்தின் குறுகிய பயிற்சிகளில் நிரப்பிக்கொள்ளலாம். மருத்துவத்தை அப்படிப் பக்கத்தில் நின்று கற்க முடியாது. உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் ஆகும். அதன்பின் ஆடும் மாடும்தான் அவருக்குச் சோறு போடும். குதிரையை மேற்படிப்பிலோ, ராணுவத்தின் கால்நடைப் படைப்பிரிவிலோ, பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணைகளிலோ தொடரலாம். அவர் இதுவரை குதிரையை ஓட்டத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்றால், விடுமுறையில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் மருத்துவரின் அனுமதியோடு சில நாட்கள் உடனிருந்து, சினைப் பரிசோதனையையும் புண் கழுவுவதையும் பார்க்கட்டும். முகம் சுளிக்காமல் திரும்பி வந்தால் விண்ணப்பம் போடுங்கள்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தனித்தனியே விண்ணப்பம் வாங்குகின்றன, இரண்டுக்கும் போடுங்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு இரண்டிலுமே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு, நீட் தேவையில்லை. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் உண்டு. அதற்கான சான்றிதழைத் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.