வேதியியலை விட்டுவிடலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன் சார். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம், மாநிலப் பாடத்திட்டம். ஜனவரியில் பொறியியல் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதப் போகிறேன். கோச்சிங் கிடையாது, பழைய வினாத்தாள்களை வைத்து எழுதிப் பார்க்கிறேன். கணக்கு பரவாயில்லை. வேதியியலில் நூற்றுக்கு முப்பதைத் தாண்டுவதே இல்லை. கரிம வேதியியல் வினைகளை எழுதி எழுதி மனப்பாடம் செய்தாலும் ஒரே வாரத்தில் குழம்பிவிடுகிறது. வேதியியலை விட்டுவிட்டு மற்ற இரண்டிலும் நேரத்தைப் போடு என்கிறாள் தோழி. அப்படிச் செய்யலாமா? என்சிஇஆர்டி (சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் மத்தியப் பாடநூல்) வாங்கியே ஆக வேண்டுமா?
– ஒரு மாணவி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: விடாதேம்மா. தோழி அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறாள், ஆனால் நேரக் கணக்கு உதைக்கிறது. மூன்று மணி நேரம், 75 கேள்விகள், பாடத்துக்கு 25. கணக்கில் ஒரு கேள்வியே நான்கைந்து நிமிடத்தை விழுங்கிவிடும். வேதியியலில் பல கேள்விகள், தெரிந்திருந்தால் அரை நிமிடம்தான். தெரியாவிட்டால் எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் வராது. வேதியியலை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிக்கிறவர்களுக்குத்தான் கணக்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. நீ விட நினைக்கும் பாடம்தான் உனக்கு நன்றாக வரும் பாடத்துக்கு நேரம் வாங்கித் தரப்போகிறது. கணினியில் எந்தப் பாடத்தையும் முதலில் திறக்கலாம். நீ வேதியியலைத் திற.

இன்னொன்று. ஜேஇஇ கைகொடுக்காமல் போனாலும், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் பிளஸ் டூ வேதியியலுக்கு 50 இருக்கிறது. இப்போது படிப்பது வீணாகாது.

சரி, எதைப் படிப்பது? பிளஸ் டூ வேதியியல் முதல் தொகுதியை எடு. முதல் பாடமே உலோகவியல். ஜேஇஇ மெயினுக்கு அது வேண்டாம். திட நிலைமை வேண்டாம். இரண்டாம் தொகுதியில் புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் இரண்டும் வேண்டாம். 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தபோதே இவற்றை எடுத்துவிட்டார்கள். பதினொன்றாம் வகுப்பிலும் ஹைட்ரஜன், கார உலோகங்கள், வாயு நிலைமை, சுற்றுச்சூழல் வேதியியல் எல்லாம் போய்விட்டன. பொதுத்தேர்வுக்காக உலோகவியலைப் படித்துத்தான் ஆக வேண்டும். ஜேஇஇ நேரத்தில் அதற்கு இடம் கொடுக்காதே. நீ பயிற்சி செய்யும் பழைய தாள்கள் 2024க்கு முந்தையவை என்றால், அதில் நீ கோட்டைவிட்ட சில கேள்விகள் இனி வரவே வராத பாடங்களிலிருந்து வந்திருக்கும். உன் முப்பதை அப்படி ஒருமுறை சரிபார்.

எதிர்ப்பக்கமும் ஒரு கண்ணி உண்டு. கரைசல்கள், ஹேலோஅல்கேன்கள் இரண்டும் என்சிஇஆர்டியில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றன. நமக்கோ அவை பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதி. அந்தப் புத்தகத்தை நீ பரண்மேல் போட்டிருந்தால் இன்றைக்கே இறக்கு. வேதிப்பிணைப்பு, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படைகள் எல்லாம் அதே வகுப்புதான்.

என்சிஇஆர்டி அவசியமா என்றால், இரவல் கிடைத்தால் போதும். அதன் இணையதளத்திலேயே இலவசமாகவும் எடுத்துக்கொள்ளலாம். பாட முடிவில் உள்ள கணக்குகளைப் போட்டுப் பார். எல்லாவற்றுக்கும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டியைச் சுருக்கியபோது 15 முதல் 18 வரையிலான தொகுதித் தனிமங்கள் போய்விட்டன, ஜேஇஇ பாடத்திட்டத்திலோ அவை அப்படியே இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு நம் பாடநூலே மேல்.

இப்போது கரிம வேதியியல். குழம்புவதற்குக் காரணம் உன் ஞாபகசக்தி அல்ல. வினைகளை வினைகளாகவே மனப்பாடம் செய்கிறாய். காரணத்தைப் படித்தால் பாதி தானாக வந்துவிடும். ஆல்கஹால் எந்த வகை என்று கண்டறியும் லூகாஸ் சோதனையை எடுத்துக்கொள். மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், ஈரிணையம் சில நிமிடம் கழித்து, ஓரிணையம் அறை வெப்பநிலையில் கலங்காது. இதைத் தனியாக எழுதி வைத்திருப்பாய். எஸ்என்1 வினையின் வேக வரிசையை வேறொரு பக்கத்தில் எழுதி வைத்திருப்பாய். ஆல்கஹாலில் நீர் நீக்கம் எது எளிது என்பது இன்னொரு பக்கத்தில். மூன்றுக்கும் விடை ஒன்றுதான்: நடுவில் உருவாகும் கார்பன் நேர்அயனி எவ்வளவு நிலையானது என்பது. அதை ஒருமுறை புரிந்துகொண்டால் மூன்று பக்கமும் காலி.

ஆல்டால், கானிசரோ என்ற இரண்டு வினைகளையும் நீ நிச்சயம் குழப்பிக்கொண்டிருப்பாய். ஆல்டிஹைடைப் பார்த்ததும் ஒரே கேள்வி கேள்: ஆல்ஃபா ஹைட்ரஜன், அதாவது ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் ஹைட்ரஜன், இருக்கிறதா? அசிட்டால்டிஹைடில் இருக்கிறது, நீர்த்த காரத்தில் ஆல்டால். பென்சால்டிஹைடில் இல்லை, அடர் காரத்தில் கானிசரோ. ஃபார்மால்டிஹைடையும் பென்சால்டிஹைடையும் சேர்த்துக் கொடுத்தால்? ஹைட்ராக்சைடு அயனி எளிதாகப் போய்த் தாக்குவது ஃபார்மால்டிஹைடை. அதனால் அது ஆக்சிஜனேற்றமடைந்து ஃபார்மேட் ஆகிறது, பென்சால்டிஹைடு ஒடுக்கமடைந்து பென்சைல் ஆல்கஹால் ஆகிறது. பெயர் வினைகளை வண்ண வண்ண சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டும் பழக்கம் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. நான்கைந்து நாளில் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும், கண் அதைப் பார்ப்பதே இல்லை.

இயற் வேதியியலில் உனக்குக் கணக்கு கைகொடுக்கும். கால்குலேட்டர் கிடையாது என்பதை மட்டும் மறக்காதே. 2இன் மடக்கை (log) 0.30, 3இன் மடக்கை 0.48, இந்த இரண்டையும் வைத்துப் பெரும்பாலான பிஎச் கணக்குகளை முடித்துவிடலாம். முதல்வகை வினை 99.9 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் என்று கேட்டால் வாய்பாட்டைத் தேடாதே. ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும். பத்து முறை பாதியாக்கினால் 1024இல் ஒரு பங்கு. அரைவாழ்காலம் 10 நிமிடம் என்றால் விடை 100 நிமிடம். இப்படிப்பட்ட வழிகளை நீயே கண்டுபிடி. வீடியோ பார்த்து ஷார்ட்கட் சேகரிப்பது அதுவே தனிப் பாடமாகிவிடும்.

கனிம வேதியியலுக்கு வேறு வழியில்லை, பாடநூலை வரி விடாமல் படிக்க வேண்டும். அணைவுச் சேர்மங்களுக்கு அதிக நேரம் கொடு, அங்கே தர்க்கம் இருக்கிறது. கோபால்ட் (III) அயனியோடு ஆறு ஃபுளூரைடு சேர்ந்தால் வலிமை குறைந்த ஈனி (உலோகத்தோடு இணையும் தொகுதி), நான்கு தனித்த எலக்ட்ரான்கள், காந்தத் திருப்புத்திறன் 4.90 போர் மேக்னட்டான். அதே கோபால்ட்டோடு ஆறு அம்மோனியா சேர்ந்தால் எல்லாம் ஜோடி சேர்ந்து சுழி. அப்புறம் லேப். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் கந்தக அமிலம்தான் சேர்க்கிறோம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பதில்லை, ஏன்? அது சேர்ந்தால் குளோரினாக ஆக்சிஜனேற்றமடைந்து பெர்மாங்கனேட்டைத் தானே தின்றுவிடும். இப்படிக் கேட்பார்கள். ரெக்கார்டு நோட்டைப் புரட்டு.

ஊகித்து விடை போடலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சரியான விடைக்கு 4, தவறினால் 1 குறையும். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் துணிந்து போடு. ஒவ்வொரு பாடத்திலும் எண்ணாக விடை எழுத வேண்டிய ஐந்து கேள்விகளிலும் இப்போது நெகட்டிவ் மார்க் உண்டு. அங்கே ஊகம் சுத்த நஷ்டம்.

கடைசியாக மொழி. விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் திரையில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். தமிழ் வாக்கியம் புரியாவிட்டால் ஆங்கிலத்தைப் பார், சந்தேகம் வந்தால் அவர்களும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வார்கள். அதனால் இப்போதிருந்தே கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயரையும் பக்கத்தில் எழுதிப் பழகு. பிரவுசிங் சென்டரில் வேறு யாராவது விண்ணப்பத்தை நிரப்பினால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மொழி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று நீயே ஒருமுறை பார்த்துவிடு.